ஐந்தாம் கல்லில் நான் நிற்கவில்லை

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. அக்கா போன பிறகு அவளுடைய இரண்டும் என் பிள்ளைகளோடு பிள்ளைகளாகவே வளர்ந்தன. ஐந்து பேரும் இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எதையாவது பெருமையாகச் சொன்னால், இந்தக் கிழவிக்கு என்ன இவ்வளவு என்று நீங்கள் கேட்கக் கூடாது பாருங்கள்.

நம் ரேடியோ கண்காணிப்பு நிலையத்தில் மைதான வேலைக்குப் புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று இப்போதைய அதிகாரி போனில் சொன்னார். "அம்மா, இருபத்தாறு வருஷம் அந்த மைதானத்துல நடந்தவங்க நீங்க. ஆண்டு மலர்ல அவங்களுக்காக நாலு பக்கம் குடுங்க. மெஷினைப் பத்தி நாங்க சொல்லிக் குடுத்துடுவோம். நீங்க மத்ததைச் சொல்லுங்க" என்றார். எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். அதனால் நான் சொல்கிறேன், என் பேத்தி நிவேதா எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது, அழகு பண்ணாதே என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

கல் சுற்றுப் பதிவேட்டை உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். அதில் கடைசிக் கட்டத்துக்கு மேலே 'நிற்கவில்லை' என்று போட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் வந்தவர், வராதவர் உண்டு. இது என்ன, நின்றவர், நிற்காதவர் என்று யோசித்திருப்பீர்கள். அந்தக் கட்டம் என்னால் வந்தது.

படித்தவர்கள் உங்களுக்குப் படம் போட்டு விளக்குவார்கள். நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். பஸ் ஸ்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் பஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறது அல்லவா? ஒரு காதுக்குச் சத்தம் கொஞ்சம் முன்னே வருகிறது, இன்னொரு காதுக்குக் கொஞ்சம் பின்னே வருகிறது. நமக்குக் காது இரண்டு. நம் மைதானத்துக்குக் காது ஒன்பது. வட்டமாக நட்டிருக்கும் ஒன்பது கம்பங்களும் அதுதான். ஊரில் எங்கேயாவது ஒரு ரேடியோ சத்தம் கிளம்பினால், எந்தக் கம்பத்துக்கு முன்னே வந்தது, எதற்குப் பின்னே வந்தது என்று நடு அறையில் இருக்கும் மெஷின் கணக்குப் பார்த்து, இந்தத் திசை என்று ஒரு கோடு காட்டும்.

அந்தக் கோடு சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் கல் சுற்று. கம்பங்களைச் சுற்றி மைதானத்தின் ஓரத்தில் முப்பத்தாறு கற்கள் புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சர்வேக்காரர்கள் வந்து அளந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சத்தம் போடும் டெஸ்ட் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருத்தர் கல் கல்லாகப் போய் நிற்க வேண்டும். "ஒண்ணாங் கல்லு, நிக்கிறேன் சார்" என்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். நடு அறையில் இருப்பவர் மெஷின் காட்டுவதையும் கல்லின் திசையையும் ஒத்துப் பார்ப்பார். வித்தியாசம் இருந்தால் அதை ஒரு பட்டியலில் ஏற்றுவார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் மெஷின் அந்தப் பட்டியலைப் பார்த்துத் திருத்திக்கொண்டுதான் கோடு காட்டும்.

பதினெட்டு வருஷம் தினக்கூலியாக அந்தப் பெட்டியைச் சுமந்தவள் நான். முதலில் புல் வெட்டத்தான் போனேன். முள்ளுக்கும் பாம்புக்கும் பயப்படாமல் நடக்கிறேன் என்று பெட்டியை என் தோளில் மாட்டிவிட்டார்கள்.

அப்போது நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சமயம் ஏழாவது கம்பத்தின் உச்சியில் காக்கை கூடு கட்டிவிட்டது. நம் ஊர்க் காக்கைக்குக் குச்சியெல்லாம் போதாது. கட்டுக் கம்பி, ஒயர் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய்ச் சொருகியிருந்தது. அந்தக் கம்பம் காட்டுவதெல்லாம் கோணலாகிவிட்டது. டெக்னீஷியன் மூர்த்தி ஏணியோடு கிளம்பினான். ஏறிப் பார்த்தால் கூட்டில் மூன்று முட்டை. பெரிய சார் கீழே நின்று யோசித்தார். "அது குஞ்சு பொரிச்சுப் பறக்க எத்தனை நாளாகும்மா?" என்று என்னைக் கேட்டார். "ஒன்றரை மாசம் ஆவும் சார்" என்றேன். "சரி, ஏழாவது கம்பத்தைக் கணக்குல இருந்து எடுத்துடு. எட்டை வச்சு ஓட்டுவோம்" என்று சொல்லி, பதிவேட்டில் 'ஏழு: காக்கை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மேலிடத்திலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டாராம். "காக்கைதான் சார்" என்றாராம் இவர். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டால் பிறகு பயமில்லை என்பது அவர் கட்சி. அதை நான் பார்த்தேன், சிரித்தேன். கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை.

இனி என் கதை. அந்த வருஷம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. மழை விட்ட மறுநாள் கல் சுற்று. எனக்கோ அன்றைக்கு மத்தியானம் சின்ன மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வேலை முடித்து அப்படியே ஓட வேண்டும் என்று இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு கற்கள் ஆயிற்று. ஐந்தாம் கல் இருக்கும் இடம் பள்ளம். தொடை அளவு தண்ணீர், மேலே பாசி. கல் கண்ணுக்கே தெரியவில்லை. கிழக்கே பதினைந்து தப்படி தள்ளி, வேலிக்காத்தான் ஓரமாகக் கொஞ்சம் மேடு இருந்தது. அங்கே ஏறி நின்றுகொண்டு, "அஞ்சாங் கல்லு, நிக்கிறேன் சார்" என்றேன்.

நடு அறையில் இருந்தது பெரிய சார். "கல்லு மேலதானே நிக்கிற?" என்று வாக்கியில் கேட்டார்.

"கல்லு மேலதான் சார்."

"நாலு டிகிரி தள்ளிக் காட்டுதே... தண்ணி தேங்கியிருக்கா அங்க?"

"ரொம்ப சார்."

"அதான் போல. சரி, அடுத்த கல்லுக்குப் போ" என்றார். மண் ஈரமானால் மெஷின் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், அது அவருக்குத் தெரியும். அதனால் அந்த நாலு டிகிரியைப் பட்டியலில் ஏற்றிவிட்டார். அவர் மெஷினைச் சந்தேகப்பட்டார், மண்ணைச் சந்தேகப்பட்டார். என்னைச் சந்தேகப்படவில்லை. நான் புடவை நனையாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒன்றரை மாதம் போயிற்று. மார்கழி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது விமான நிலையத்திலிருந்து அலறிக்கொண்டு போன் வந்தது. இறங்கும் விமானத்தில் இருப்பவர்களும் கோபுரத்தில் இருப்பவர்களும் பேசிக்கொள்ளும் அலைவரிசையில் கொர்ரென்று ஒரு சத்தம். பைலட் சொல்வது பாதி கேட்கிறது, பாதி கேட்கவில்லை. அது ஒரு சனிக்கிழமை காலை. நம் மெஷின் கோடு காட்டியது. பெரிய சாரும் மூர்த்தியும் வேனை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். ஆனால் அவர்கள் போய்ச் சேருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. சத்தம் இல்லாமல் கிட்டத்தில் போய்த் தேட முடியாது. கோடு போன வழியில் தேடினார்கள். கீழ்க்கட்டளையில் ஒரு மைக் செட் கடை. மாடியில் உயரமாக ஒரு பைப், அதில் ஏதோ கம்பி. உள்ளே நாலு ஒயர்லெஸ் மைக், பழைய ஆம்ப்ளிஃபையர்கள். வேறென்ன வேண்டும்? எல்லாவற்றையும் சோதனைக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சத்தமும் வரவேயில்லை. ஆளைப் பிடித்தாயிற்று என்று அன்றே மேலிடத்துக்குக் கடிதம் போய்விட்டது.

கடைக்காரர் பெயர் ஆரோக்கியம். திங்கட்கிழமை காலை கேட்டில் வந்து நின்றார். கேட்டைத் திறந்து மூடுவதும் அப்போது என் வேலைதான்.

"இன்னா நாயம்மா இது? அன்னிக்குக் காலைல நானு கடையிலயே இல்ல. குன்றத்தூர்ல காதுகுத்து, அங்க செட்டு போட்டுகினு இருந்தேன். கடை பூட்டிகினு கெடந்திச்சு. பூட்டுன கடையில செட்டு எப்பிடிம்மா பாடும்?"

"நான் இன்னா அண்ணே செய்யறது, சார் கிட்ட சொல்லுங்க."

"சொன்னேன். சோதனை முடியட்டும்றாரு. எப்ப முடியும்? நாளைக் கழிச்சி மறுநாளு மார்கழி பொறக்குது. ரெண்டு கோயிலுக்கு ஒத்துகினு கீறேன். அப்புறம் சர்ச்சு, கேரல்ஸ், கிறிஸ்மஸ். சர்ச்சுக்கும் கோயிலுக்கும் ஒரே கொழாதாம்மா எனக்கு. இந்த ஒரு மாசத்தை வுட்டா வருசம் பூரா நான் இன்னா துண்றது?"

செவ்வாய்க்கிழமையும் வந்தார். அன்றைக்கு அதிகம் பேசவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள், பிளேனைக் கவிழ்க்கப் பார்த்தவன் என்று அவர் காது படவே பேசுகிறார்களாம். அதை மட்டும் சொல்லிவிட்டு, மாமரத்து நிழலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு மூர்த்தியிடம், "பாவமா கீதுப்பா, நெஜமாவே அந்த ஆளுதானா?" என்று கேட்டேன்.

"அக்கா, மாட்டிகினவன் எல்லாம் இதான் சொல்லுவான். கோடு பொய் சொல்லுமா? கரெக்டா அஞ்சாங் கல்லுக்கு நேரா கீது அவன் கடை. நூலு புடிச்ச மாதிரி."

ஐந்தாம் கல். நான் நிற்காத கல்.

கல் சுற்றில் நான் எங்கே நிற்கிறேன் என்பது மெஷினுக்குத் தெரியாது, சாருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் திசை தெரிந்துகொள்வதெல்லாம் நான் சொன்ன ஒரு வார்த்தையின் மேல்தான் நிற்கிறது என்பது, பதினாறு வருஷம் பெட்டி சுமந்த பிறகு, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உடனே போய்ச் சொல்லிவிட்டேன் என்று இங்கே சொல்ல ஆசைதான். சொல்லவில்லை. என்னை நிரந்தரமாக்கும் பைல் அப்போது மேலிடத்தில் இருந்தது. இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஐந்து பேர். அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினைந்து தப்படியில் என்ன வந்துவிடப் போகிறது? அந்த ஆள்தான் செய்தானோ என்னவோ? சத்தம்தான் நின்றுவிட்டதே?

புதன்கிழமை காலை ஆரோக்கியம் வரவில்லை. அவர் வந்து கேட்டில் நின்றிருந்தால் நான் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வராமல் போனதுதான் பயமாகிவிட்டது. என்ன செய்துகொண்டாரோ என்று மனசு எங்கெங்கோ போயிற்று. கேட்டைச் சாத்திவிட்டு நேராக நடு அறைக்குப் போனேன். பெரிய சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூர்த்தியும் இருந்தான்.

"சார், ஐப்பசியில கல்லு சுத்துனப்ப அஞ்சாங் கல்லுல நான் நிக்கல சார்."

டம்ளரைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"எத்தனை தப்படி தள்ளி நின்ன?"

"பதினஞ்சு சார்."

"எந்தப் பக்கம்?"

"கெழக்கால. வேலிக்காத்தான் மேட்டுல."

ஒரு தாளில் ஏதோ எழுதினார். "பெட்டியை எடுத்துக்கிட்டு வா" என்றார்.

பள்ளத்தில் அப்போதும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இறங்கினேன். காலால் துழாவிக் கல்லைக் கண்டுபிடித்து ஏறி நின்றேன். "அஞ்சாங் கல்லு, நிக்கிறேன் சார்." அப்புறம் வேலிக்காத்தான் மேட்டுக்குப் போகச் சொன்னார். போய் நின்றேன். திரும்பவும் கல்லுக்கு. திரும்பவும் மேட்டுக்கு. மூன்று முறை.

சொட்டச் சொட்ட நடு அறைக்கு வந்தபோது மேஜை மேல் வரைபடத்தை விரித்துப் புதுக் கோடு போட்டிருந்தார். "அன்னிக்குக் காட்டுன கோடு இது. ஆரோக்கியம் கடை இங்க. உன் பதினஞ்சு தப்படியைத் திருத்தினா கோடு இங்க போகுது." விரலை வைத்துக் காட்டினார். நான் எந்தப் பக்கம் விலகி நின்றேனோ அதே பக்கம், நாலு தெரு தள்ளி. மைதானத்தில் பதினைந்து தப்படி, கீழ்க்கட்டளையில் நாலு தெரு. அந்த நாலு தெருவுக்குள் எத்தனை வீடு என்று நினைத்துப் பாருங்கள்.

மூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தான். "சார், இத்தப் போயி எழுதாதீங்க சார். சத்தம்தான் நின்னுடுச்சே. எதுக்கு நாமளே கிண்டணும்? அக்காவுக்கும் ஆர்டர் வர நேரம்."

"சத்தம் நின்னது எனக்குத் தெரியும் மூர்த்தி. ஏன் நின்னதுன்னு தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதி அனுப்பிட்டேன். நான் ரெண்டாம் தடவை கேட்டப்ப சந்தேகத்தோடதான் கேட்டேன். எழுந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருந்தா அம்மா எங்க நிக்கறாங்கன்னு தெரிஞ்சிருக்கும். அதுவும் செய்யலை." பிறகு என் பக்கம் திரும்பி, "போய்த் தலையைத் துவட்டிக்கோ" என்றார்.

நான் நகரவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவோம் என்று, புடவையையும் பெண் பார்க்க வந்ததையும் சொன்னேன்.

"மாப்பிள்ளை வீட்டார் சரின்னாங்களா?"

"வாணாம்னுட்டாங்க சார்."

"அடக் கடவுளே, புடவையைக் காப்பாத்தியும் பிரயோஜனம் இல்லையா!" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. (அந்த மகளுக்கு அடுத்த வைகாசியில் நல்ல இடம் அமைந்தது. நிவேதா அவள் பெண்தான்.)

மறுநாளே ஆரோக்கியத்தின் செட்டுகள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி அவர் கடையில் இறக்கச் சொல்லிவிட்டார். இன்னார் குற்றவாளி என்று எழுதிய கடிதத்துக்கு மேலே, தன் பட்டியலே தப்பு என்று சார் இன்னொரு கடிதம் எழுதினார். குற்றவாளி யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கையில் இருந்ததெல்லாம் ஒரு தினக்கூலிப் பெண்ணின் பேச்சும் ஒரு புதுக் கோடும்தான். மேலிடத்தில் என்ன சொன்னார்களோ, அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை காலை, செட்டு திருப்பிக் கொடுத்த இரண்டாம் நாள், சத்தம் திரும்ப வந்துவிட்டது.

போன் விடாமல் அடித்தது. பெரிய சார் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே பேசியவர் போட்ட சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. பிடித்த ஆளை விட்டீர்கள், விட்டவுடன் ஆரம்பித்துவிட்டான், அதற்கு யார் பொறுப்பு என்று. மூர்த்தி என்னைப் பார்த்தான். "பாத்தியாக்கா, உன்னால இன்னா பேஜாராப் பூடுச்சு."

சார் போனை வைத்தார். மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பதினஞ்சு தப்படிதானே?"

"பதினஞ்சுதான் சார்."

"நீயும் வேன்ல ஏறு."

கீழ்க்கட்டளையில் பெரிய தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில் மூர்த்தி வண்டியை மெதுவாக்கினான். இடது கைப் பக்கம் போனால் ஆரோக்கியத்தின் கடை. வலது கைப் பக்கம் புதுக் கோடு போகும் தெரு. வேனுக்குள் ஸ்பீக்கரில் கொர்ரென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போன தடவை வந்து சேருவதற்குள் நின்றுவிட்டது. இந்தத் தடவையும் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம்.

"சார், மொதல்ல கடையைப் பாத்துடலாம் சார். அவன்தான்னா நம்ம வண்டியப் பாத்ததும் அமுத்திடுவான். அவன் இல்லன்னா அப்புறம் இங்க வரலாம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானாக இருந்தால்கூட அதைத்தான் செய்திருப்பேன். வேறு எதற்காக இல்லாவிட்டாலும், போனில் கத்தியவருக்காகவாவது. பெரிய சார் ஒரு நொடி கண்ணை மூடினார்.

"அந்தம்மா தண்ணில இறங்கி மூணு தடவை நின்னுச்சு. மூணு தடவையும் ஒரே இடம் காட்டுச்சு. வலது பக்கம் திருப்பு."

தெருவுக்குள் நுழைய நுழையச் சத்தம் தடித்தது. வண்டியை நிறுத்திவிட்டு, மீன் முள் போல இருக்கும் கை ஆண்டெனாவை எடுத்துக்கொண்டு சார் இறங்கி நடந்தார். இந்தப் பக்கம் திருப்பினால் குறையும், அந்தப் பக்கம் திருப்பினால் ஏறும். ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் முன்னால் போய் நின்றது. மேல் மாடி வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், பின்னாலேயே அவர் மனைவி. ஒரு வாரம் கேளம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள் ராத்திரிதான் திரும்பினார்களாம். போனது எப்போது என்று சார் கேட்டார். போன சனிக்கிழமை காலை, டிபன் சாப்பிட்டதும் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, என்றார் அந்த அம்மாள். மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

மொட்டை மாடியில் ஆண்டெனா. அதன் அடியில், மழை படாமல் இருக்கக் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு சின்னப் பெட்டி, டிவி படம் தெளிவாகத் தெரிய மாட்டுகிற பூஸ்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கெட்டுப்போய் அதுவே கத்த ஆரம்பித்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் ஸ்பீக்கர் அமைதி. மாட்டினால் கொர்ர். மூன்று முறை செய்து பார்த்தார் சார்.

"டிவி நல்லாத்தானே தெரிஞ்சுது!" என்றார் அந்த அம்மாள்.

விஷயம் புரிந்ததும் தலைமை ஆசிரியருக்கு முகம் வெளிறிவிட்டது. "முப்பது வருஷம் பசங்களைப் பார்த்து சத்தம் போடாதேன்னு சொன்னவன் சார் நான்" என்றார். அவரையும் அறியாமல் வந்த வார்த்தை. வேண்டுமென்று செய்ததில்லை என்று எழுதிக்கொண்டு, பூஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சார் விமான நிலையத்துக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் யாரும் கத்தவில்லை.

திரும்பும் வழியில் ஆரோக்கியத்தின் கடையில் நிறுத்தச் சொன்னேன். சர்ச்சுக்குக் கொண்டுபோக ஸ்பீக்கர் குழாய்களை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் கையில் இருந்த குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திரும்பவும் எடுத்துப் போக வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். நான் இறங்கினேன்.

"சத்தம் போட்டது வேற வூடு அண்ணே, கண்டுபுடிச்சாச்சு. உங்க கடை மேல கோடு வுழுந்தது என்னாலதான். நான் நிக்க வேண்டிய எடத்துல நிக்காம, நிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அவர் குழாயைக் கீழே வைக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேட்டுல நின்னியே, அந்த அம்மாதான நீ?"

"ஆமாண்ணே."

"அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல. கேட்டுல உன்னாண்டதான் சொன்னேன்."

"ஆமாண்ணே."

திரும்பிக் குழாயை மற்றதோடு அடுக்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, டீ போடவா என்று கேட்டார். "வாணாம். இன்னிக்குக் கோவமா கீறேன்" என்றார் ஆரோக்கியம். பிறகு என்னிடம், "நாளைக்கு வாம்மா, டீ தரேன்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் போனேன். டீ கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் குடித்தார்.

என் ஆர்டர் அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி பெரிய சார் எழுதியிருந்தார், நான் நிற்காததையும், நானே வந்து சொன்னதையும். முதல் வரியைப் படித்து நிறுத்தி வைத்தார்கள். இரண்டாவது வரியைப் படிக்க அவர்களுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை. வந்த ஆர்டரில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

பதிவேட்டில் அந்தக் கட்டத்தைப் போட்டது பெரிய சார். "கல்லுல நிக்க முடியலைன்னா நிக்கலைன்னு எழுதிடு. காரணம் எழுத வேணாம், நானும் கேக்க மாட்டேன். ஆனா நீயே உன் கையால எழுதணும்" என்றார். அந்த ஒரு சொல்லை எழுத நான் ஒரு வாரம் பழகினேன். 'ற்' எனக்கு வரவே வராது. அடுத்த ஐப்பசியிலும் அதே பள்ளத்தில் அதே தண்ணீர். அன்றைக்குப் பழைய புடவைதான், இறங்கியிருக்கலாம். ஆனால் கரையோரம் தண்ணீர்ப் பாம்பு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பேசாமல் வந்து ஐந்தாம் கல்லுக்கு நேரே 'நிற்கவில்லை' என்று கோணல்மாணலாக எழுதினேன். சார் அதைப் பார்த்தார். நாலாம் கல்லையும் ஆறாம் கல்லையும் வைத்து வேலையை ஓட்டினார். தண்ணீர் வடிந்த பிறகு போய் ஐந்தில் நின்றேன். மெஷினுக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாருடைய கடைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். இப்போது பெட்டியும் லேசாகிவிட்டதாம், நிற்கும் இடத்தை அதுவே காட்டும் கருவியும் வரப்போகிறதாம். வரட்டும். வந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்தான். வெயிலிலும் மழையிலும் உங்களுக்கும் ஒரு புடவை இருக்கும், ஒரு அவசரம் இருக்கும். சார் இரண்டாம் முறை கேட்டால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதாவது உள்ளதைச் சொல்லிவிடுங்கள். முதல் முறையே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. எப்படியும் சொல்லத்தான் போகிறோம், அதற்குள் யாருடைய கடை பூட்டிக் கிடக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

போதும் நிவேதா, பேனாவை வை. முதலில் இருந்து நிதானமாக ஒரு தடவை வாசி. சிரிக்காமல் வாசி. நான் நிற்காத இடத்தில் எங்கேயாவது என்னை நிற்பதாக எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.